பரிணாமம் போதும், 'வளர்ச்சி' எதற்கு?

மனிதனின் பரிணாம வளர்ச்சி, யானையின் பரிணாம வளர்ச்சி, இப்போது வைரஸின் பரிணாம வளர்ச்சி. செய்தியானாலும் பாடநூலானாலும் 'பரிணாமம்' தனியாக நிற்பதைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'வளர்ச்சி' வெறும் மிகைச்சொல் அல்ல, பிழையான சொல்.

பரிணாமத்துக்கான ஆங்கிலச் சொல்லான எவல்யூஷன் என்பதற்கு லத்தீன் மூலத்தில் சுருளை விரித்தல் என்று பொருள். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1859 முதல் பதிப்பில் இந்தப் பெயர்ச்சொல்லே கிடையாது. 'மாற்றங்களோடு வழிவருதல்' என்றுதான் எழுதினார். பரிணாமம் வடசொல், ஒன்று இன்னொன்றாக மாறுவது. பால் தயிராவதை, பழைய இந்தியத் தத்துவப் பிரிவினரான சாங்கியர்கள் இதற்கு எடுத்துக்காட்டினார்கள். தயிர் பாலைவிட உயர்ந்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

வளர்ச்சி என்றால் விதை செடியாவது. ஓர் உயிர், ஒரு திசை. பரிணாமம் அப்படியில்லை, தலைமுறை தலைமுறையாக ஓர் உயிர்க்கூட்டத்தில் மரபுப் பண்புகளின் விகிதம் மாறுவது. பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜர் தீவில் உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் இதை நேரிலேயே பார்த்தார்கள். 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்து, பெரிய கடினமான விதைகளே மிஞ்சின. அவற்றை உடைக்க முடிந்த பெரிய அலகுள்ள ஃபிஞ்ச் (finch) குருவிகள் அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு பெரிதானது. 1983இல் பெருமழை. சிறு விதைகள் பெருகின, அப்புறம் சிறிய அலகுக்குச் சாதகமானது. எந்தப் பறவைக்கும் அலகு வளரவில்லை. இதில் எது வளர்ச்சி, எது தளர்ச்சி?

மெக்சிகோவின் குகை மீனைப் பாருங்கள். கருவில் கண் உருவாகத் தொடங்குகிறது, பிறகு சிதைந்துவிடுகிறது. பார்வை இழந்ததும் பரிணாமம்தான். அதை எந்த வாயால் வளர்ச்சி என்பது?

'குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?' என்ற கேள்விக்கு இந்தச் சொல்லும் தீனி போடுகிறது. வளர்ச்சி என்றதும் மனம் ஏணி போட்டு, உச்சியில் நம்மை உட்கார வைக்கிறது. சிம்பன்சியும் நாமும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த கிளைகள்; பிரிந்த நாள் முதல் இரண்டும் ஒரே அளவு காலம் மாறி வந்திருக்கின்றன. கிளைகள் பிரிந்ததால்தான் இத்தனை வகை உயிர்கள். 'பரிணாம வளர்ச்சியில் பின்தங்கிய பாக்டீரியா' என்று மொழிபெயர்ப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

சரி, தூய தமிழ்ச் சொல்? 'படிமலர்ச்சி' என்கிறார்கள். படியும் வேண்டாம், மலர்ச்சியும் வேண்டாம். ஏணி மறுபடி வந்துவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களின் 'கூர்ப்பு' அழகான சொல், சுருக்கமானது. ஆனால் 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறது தொல்காப்பியம். சிறத்தல் அதிலும் இருக்கிறது. இருந்தாலும் அங்கே மாணவர்கள் அதைக் கலைச்சொல்லாகவே படித்துப் பழகியிருப்பதால் பழைய பொருள் குறுக்கே வருவதில்லை. அங்கே அதுவே இருக்கட்டும். மற்றவர்களுக்குப் பரிணாமம் போதும். வடசொல் என்பதற்காகத் தெளிவான ஒன்றைத் தள்ளிவிட்டுக் குழப்பமான ஒன்றை எடுக்க வேண்டியதில்லை.

'திமிங்கிலத்தின் பரிணாமம்' என்று எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை.