அண்ணனிடம் இருக்கும் வாடகை நோட்டைக் கேட்டு வாங்குவது எப்படி?

பாகப்பிரிவினை வழக்குப் போட வரும் தங்கைகள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருகிறார்கள். மூலப்பத்திரம் அண்ணனிடம், கடை வாடகை எழுதிய நோட்டும் அவரிடம். "சாட்சி விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதற்குள் நோட்டு கரையான் அரித்துப் போயிருக்கும், அல்லது அப்படிச் சொல்லப்படும்.

எதிராளி கையிலிருக்கும் ஆவணத்தை விசாரணைக்கு முன்பே கேட்டுப் பெற, 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளை (Order XI, அதாவது அந்தச் சட்டத்தின் விதித்தொகுப்புகளில் ஒன்று) இடம் தருகிறது. நம் ஊர் கோர்ட்டுகளில் அதைப் பலர் தொடுவதே இல்லை என்பது என் ஆதங்கம். வழக்குக்குப் பதிலாகத் தாக்கல் செய்யும் எதிர்வழக்குரையில் அண்ணனே ஓர் ஆவணத்தைக் குறிப்பிட்டிருந்தால் மனுகூட வேண்டாம், விதி 15இன்படி நோட்டீஸ் போதும். அவர் பத்து நாட்களுக்குள் பதில் கொடுத்து, தன் வக்கீல் அலுவலகத்தில் அதைப் பார்வையிட நேரம் குறிக்க வேண்டும். காரணமின்றிக் காட்ட மறுத்தால், பின்னால் தன் தரப்புச் சான்றாக அதைத் தாக்கல் செய்ய முடியாது. அவர் வாய் திறக்காத ஆவணங்களுக்கு விதி 12இன் கீழ் மனுப் போட்டு, அவரிடம் என்னென்ன இருக்கின்றன என்று பிரமாணப் பத்திரம் கேட்கலாம்.

தகராறு இங்கேதான் தொடங்கும். ஒரு வழக்கில் கட்சிக்காரர் கொண்டுவந்த மனுவில், "குடும்பச் சொத்து தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று எழுதியிருந்தது. ஏதாவது சிக்காதா என்று வலை வீசுகிறார்கள் என எதிர்த்தரப்பு சொன்னால், எந்த நீதிபதியும் தலையாட்டுவார். அதை மாற்றி, "2015 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரையிலான மூன்று கடைகளின் வாடகை வரவு நோட்டு, வாடகை ஒப்பந்தங்கள்" என்று எழுதினோம். எந்தக் கடையில் யார் குடியிருந்தார் என்பதையும் சேர்த்தோம். மறுக்க இடமில்லாமல் போனது. எதிர் வக்கீல் வாதமே செய்யவில்லை.

கேட்கும் ஆவணம் சான்றாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கின் பிரச்சினை மீது வெளிச்சம் போட்டாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் எம்.எல். சேத்தி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் வக்கீலோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பெயரில் வேறு எதையாவது மறைக்கிறார் என்று தோன்றினால், நீதிபதியே ஆவணத்தை வாங்கிப் பார்க்கும்படி கேளுங்கள். விதி 19 அதற்கு அனுமதிக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு.

உத்தரவுக்குப் பிறகும் கொடுக்காவிட்டால்? விதி 21இன்படி எதிர்வாதத்தையே நீக்கலாம். ஆனால் வேண்டுமென்றே பிடிவாதமாக மீறினால் மட்டுமே அது செல்லும் என்பது 1978 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. எடுத்த எடுப்பில் அதைக் கேட்பது என்னைப் பொறுத்தவரை வீண் வீறாப்பு. முதலில் தேதி குறித்த உத்தரவும் செலவுத்தொகையும் கேளுங்கள். பிறகும் மறைத்தால், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 119இன்படி, அந்த ஆவணம் அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

மூன்று லட்ச ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்குகளில் சட்டம் இன்னும் கறார்: தனக்குப் பாதகமான ஆவணத்தையும் தானே முன்வந்து காட்ட வேண்டும்.

நோட்டு தொலைந்துவிட்டது என்று அண்ணன் சத்தியம் செய்தாலும் வாடகை வங்கி வழியாக வந்திருக்கலாம். வங்கி வழக்கில் தரப்பினர் அல்ல என்பதால் 11ஆம் கட்டளை அதற்குப் பொருந்தாது. 16ஆம் கட்டளையின்படி ஆவணத்தைத் தாக்கல் செய்யச் சொல்லி வங்கிக்குச் சம்மன் கேட்க வேண்டும். கணக்கு எண் தெரியாவிட்டால், வாடகைக்கு இருந்தவரிடம் பழைய காசோலையின் நகல் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.