240க்கு 43 எடுத்தா பாஸா? இங்கிலாந்து கணக்குப் பரிட்சையில கோடு எங்க விழுது

ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. "எங்க அக்கா பையன் லண்டன்ல 2017ல ஜிசிஎஸ்இ, அதாவது நம்ம பத்தாவது மாதிரி அங்க 16 வயசுல எழுதற பொதுப் பரிட்சை, எழுதினான், கணக்குல 240க்கு 43 தான், ஆனா 4வது கிரேடு, பாஸ்னு வீட்ல கேக் வெட்டுறாங்க. நாங்கல்லாம் இங்க 100க்கு 35 எடுக்க நாக்கு தள்ளினோமே, வெள்ளைக்காரன் எப்பலேர்ந்து இவ்ளோ தாராளமானான்?"

தாராளம்லாம் ஒண்ணும் இல்லங்க. நம்ம ஊர்ல 35ங்கிற கோட்டை முதல்லயே கல்லுல செதுக்கி வச்சிட்டு அப்புறம் தான் கேள்வித்தாளே ரெடி பண்றோம். அவங்க எல்லாரும் எழுதி, எல்லாத்தையும் திருத்தி முடிச்ச பிறகு தான் கோட்டையே கிழிக்கிறாங்க.

அடிப்படைய சட்டுனு சொல்லிடறேன். எட்எக்செல்ங்கிற போர்டுல கணக்குக்கு 3 பேப்பர், ஒவ்வொண்ணும் 80 மார்க், முதல் பேப்பர்ல கால்குலேட்டர் கிடையாது. 9 தான் உச்சம், கீழ 1 வரைக்கும். சுலபமானது ஃபவுண்டேஷன், கஷ்டமானது ஹையர்னு ரெண்டு வகை, ஃபவுண்டேஷன்ல என்ன தலைகீழா நின்னாலும் 5க்கு மேல கெடைக்காது. பேப்பர் போடுறது எட்எக்செல், ஏக்யூஏ, ஓசிஆர் மாதிரி தனித்தனி போர்டுங்க, அவங்க தலைக்கு மேல உக்காந்து கண்காணிக்கிறது ஆஃப்குவால்னு ஒரு அரசு அமைப்பு. அந்த 2017 தான் புது சிலபஸ், புது நம்பர் கிரேடு ரெண்டும் வந்த முதல் வருஷம். எட்எக்செல் ஹையர்ல 4வது கிரேடுக்கு 40 மார்க் போதும்னு வந்துச்சு, அதாவது சுமார் 17 சதவீதம். அதே வருஷம் ஃபவுண்டேஷன்ல அதே 4 வாங்க கிட்டத்தட்ட பாதி மார்க் வேணும். ஹையர் பேப்பர்ல 8, 9க்கு குறி வைக்கிற பசங்களுக்குன்னே நெறைய கேள்வி இருக்கும், 4ல நிக்கிற பையன் அதப் பாத்து பேந்த பேந்த முழிச்சா அதுல ஒண்ணும் ஆச்சரியம் இல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வருஷம் சராசரி மார்க் 10 குறைஞ்சிருச்சுன்னு வைங்க. பேப்பர் கஷ்டமா, இல்ல பசங்க வீக்கா? மார்க்க மட்டும் வச்சு இத சொல்லவே முடியாது, ஒரே ஒரு சமன்பாடு, தெரியாதது ரெண்டு, எட்டாங்கிளாஸ் கணக்கு தான். மீன் கடை தராசுல எடை கம்மியா காட்டுனா மீன் சின்னதா தராசு கோளாறான்னு எப்படி கண்டுபிடிப்பீங்க, எடை தெரிஞ்ச கல்லு ஒண்ணத் தூக்கி தட்டுல வைப்பீங்கல்ல? இங்கயும் அப்படி ஒரு கல்லு வேணும்.

அனுபவஸ்தர் விடைத்தாளப் படிச்சு பாத்து சொல்லிட மாட்டாரான்னு கேக்கலாம். சீனியர் எக்ஸாமினர்ஸ் உக்காந்து படிக்கத்தான் செய்றாங்க. ஆனா மனுஷக் கண்ணு இதுல ஏமாறும். 1988லயே குட், கிரெஸ்வெல்னு ரெண்டு பேர் ஆராய்ஞ்சு காட்டிட்டாங்க, ஈஸி பேப்பர்ல நெறைய சரியா எழுதின புள்ள நம்ம கண்ணுக்கு கெட்டிக்காரனா தெரியுது, கஷ்டமான பேப்பர்ல திணறின அதே தரத்து புள்ள மட்டமா தெரியுது. பேப்பர் கஷ்டம்னு மூளைக்கு தெரிஞ்சாலும் கை போதுமான அளவு கோட்ட இறக்க மாட்டேங்குது. 2015ல எட்எக்செல் கேட்ட ஹன்னாவோட மிட்டாய் கேள்வி ஞாபகம் இருக்கா, ட்விட்டரே அலறுச்சே? பையில கொஞ்சம் மிட்டாய், அதுல 6 ஆரஞ்சு, அடுத்தடுத்து ரெண்டு எடுக்கறா, ரெண்டுமே ஆரஞ்சா இருக்க மூணுல ஒரு வாய்ப்பு. மொத்த மிட்டாயோட வர்க்கத்துல இருந்து அந்த மொத்தத்தையும் 90ஐயும் கழிச்சா பூஜ்யம் வரும்னு நிரூபிக்கணும். போட்டுப் பாத்தா நாலு வரி தான், மொத்தம் 10 மிட்டாய். ஆனா பரிட்சை ஹால்ல பதினாறு வயசு புள்ளைக்கு மிட்டாயும் இருபடிச் சமன்பாடும் ஒரே வாக்கியத்துல வந்தா கை நடுங்குமா நடுங்காதா.

அதனால கண்ண மட்டும் நம்பாம கல்ல தேடினாங்க. அந்தப் பசங்க பெரும்பாலும் 11 வயசுல ஆரம்பப் பள்ளி முடியறப்ப தேசிய அளவுல ஒரு டெஸ்ட் எழுதியிருப்பாங்க, அந்த மார்க் தான் கல்லு. முந்தின வருஷங்கள்ல, 11 வயசுல இவ்ளோ எடுத்த கூட்டத்துல எத்தன சதவீதம் பேர் 16 வயசுல 7 வாங்கினாங்க, எத்தன பேர் 4 வாங்கினாங்கன்னு ஒரு அட்டவணை போட்டு வச்சிருக்காங்க. இந்த வருஷக் கூட்டத்த அதுல பொருத்தினா, சுமாரா இத்தன சதவீதம் 4க்கு மேல வரணும்னு ஒரு கணிப்பு கெடைக்கும், அந்த சதவீதம் எந்த மார்க்ல வருதோ கோடு அங்க பக்கத்துல விழும். ரொம்ப விலகிப்போனா போர்டு ஆஃப்குவால்கிட்ட காரணம் சொல்லணும்.

இது கூட்டத்துக்கான கணக்கு, உங்க புள்ளைக்கான கணக்கு இல்ல. 11 வயசுல சுமாரா படிச்ச பையன் 16ல 9 வாங்கறத எதுவும் தடுக்காது. 2020ல கொரோனாவுல பரிட்சைய ரத்து பண்ணிட்டு, ஸ்கூலோட பழைய ரிசல்ட்டெல்லாம் போட்டு ஒரு அல்காரிதம் வச்சு ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியா கிரேடு குடுக்கப் பாத்தாங்க. ஆகஸ்ட் 13 ஏ லெவல் (நம்ம பன்னெண்டாவது மாதிரி) ரிசல்ட், 17ஆம் தேதியே வாபஸ், ஜிசிஎஸ்இ வெளிவர்றதுக்குள்ளயே கத முடிஞ்சு போச்சு. புள்ளிவிவரம் கூட்டத்த பத்தி பேசும், தனி ஆள பத்தி பேசச் சொன்னா உளறும். ஜோசியத்துக்கும் இதுக்கும் அங்க தான் வித்தியாசமே இல்லாம போயிடுது, நம்ம வீட்டு ஜாதகக் கட்டத்தயும் சேத்து தான் சொல்றேன்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இவ்ளோ பாடுபட்டு கிழிக்கிறது மொத்தமே 9, 7, 4, 1ங்கிற கோடுங்கள மட்டும் தான்! மத்ததெல்லாம் வெறும் கழித்தல் வகுத்தல். அதே 2017 எட்எக்செல் ஹையர எடுங்க, 4க்கு 40, 7க்கு 124. வித்தியாசம் 84, மூணா வகுத்தா 28. ஆக 5க்கு 68, 6க்கு 96. 9க்கு 190, அதுக்கும் 124க்கும் நடுவுல 157, அது தான் 8. வந்த லிஸ்ட்டும் அச்சு அசல் அதே தான், நீங்களே ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. அந்த 9க்கும் ஒரு ஃபார்முலா வச்சாங்க, 7ம் அதுக்கு மேலயும் வாங்கினவங்க எத்தன சதவீதமோ அதுல பாதி, கூட ஒரு 7, அவ்ளோ சதவீதம் பேருக்கு 9, அதாவது அந்த 7க்கு மேற்பட்ட கூட்டத்துல. 20 சதவீதம் பேர் 7 தாண்டினா அவங்கள்ல 17 சதவீதத்துக்கு 9. ஹையரும் ஃபவுண்டேஷனும் ஒரே 4 தானான்னு பாக்க ரெண்டு பேப்பர்லயும் ஒரே கேள்விங்க கொஞ்சம் வச்சிருப்பாங்க, அதுவும் சின்னக் கல்லு தான்.

ஆனா பெரிய கல்லுல ஒரு ஓட்ட இருக்கு. நாடு முழுக்க வாத்தியார்ங்க நெஜமாவே நல்லா சொல்லிக் குடுத்து பசங்க தேறிட்டாங்கன்னா? கணிப்பு பழைய சதவீதத்துலயே கட்டிப் போடும், முன்னேற்றம் வெளியவே தெரியாது. இதுக்கு 2017ல இருந்து தேசிய ரெஃபரன்ஸ் டெஸ்ட்னு ஒண்ணு நடத்துறாங்க. வருஷா வருஷம் மெயின் பரிட்சைக்கு முன்னாடி, சுமார் 300 ஸ்கூல்ல கொஞ்சம் கொஞ்சம் பசங்க, கேள்விங்க மாறாது, வெளியவும் விட மாட்டாங்க. ரிசல்ட் புள்ளைக்கும் கெடையாது ஸ்கூலுக்கும் கெடையாது, அதனால யாரும் இதுக்குன்னு கோச்சிங் சென்டர் ஆரம்பிக்க முடியாது. பெட்டியில பூட்டி வச்ச எடைக்கல்லு. யாருக்கும் மார்க் தராத ஒரு பரிட்சைக்கு காசு செலவழிக்கிற அரசாங்கத்த நான் மதிக்கிறேன், இங்க அப்படி ஒரு ஃபைல் போனா "இதுனால யாருக்கு என்ன பிரயோஜனம்"னு எழுதி திருப்பி அனுப்பிடுவாங்க.

அப்புறம் அங்க பசங்ககிட்ட ஒரு நம்பிக்கை உண்டு, இந்த போர்டு ஈஸி, அந்த போர்டு கஷ்டம்னு. பேப்பர் ஈஸின்னா கோடு மேல ஏறும், கஷ்டம்னா இறங்கும், அத பாத்துக்கத்தான் இத்தன கூத்தும். ராசியான பேனா கதை மாதிரி தான் இதுவும்.

வாசகரோட அக்கா பையனுக்கு கேக் வெட்டினது சரி தான், எட்எக்செல்னா கோட்டுக்கு 3 மார்க் மேல நின்னிருக்கான். அதே ஹால்ல 39 எடுத்த புள்ளைக்கு கிடைச்சது 3வது கிரேடு, அங்க 4 வராதவங்க 16 வயசுக்கு மேலயும் கணக்கு படிச்சே ஆகணும், அது நவம்பர்ல திரும்பப் போய் உக்காந்திருக்கும்.