யூ.என். பணி முடிந்து லீவில் வந்தவருக்குக் காய்ச்சலா?

கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே வேலூர் பக்கம் சொல்வோம். குடியாத்தம், கே.வி.குப்பம், எல்லை தாண்டினால் சித்தூர், பலமநேர் என்று இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பட்டாளத்துக்காரர் வீடுகள் நிறைய. அவர்களில் சிலர் ஐ.நா. அமைதிப் படைக்குப் போகும் காலாட்படை பட்டாலியனோடு ஏறத்தாழ ஓராண்டு வெளிநாட்டு முகாமில் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். முகாம் காவல், ரோந்து, அகதிகள் இருக்கும் இடத்துக்குப் பாதுகாப்பு என்பதுதான் அங்கே வேலை. துப்பாக்கிக்குப் பயந்து வேண்டிக்கொள்ளும் குடும்பத்துக்கு, ஆள் நல்லபடியாக வீடு வந்ததும் நிம்மதி. மருத்துவர்கள் கவலைப்பட வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

“யூ.என். போயிட்டு வந்தாரு” என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த நாடு என்பதே முக்கியம். லெபனானிலிருந்து வந்தவருக்கு இந்தக் கட்டுரை அநேகமாகத் தேவையில்லை, அங்கே மலேரியா பரவல் இல்லை. காங்கோவின் கோமா, தெற்கு சூடானின் மலக்கால், போர் (Bor) ஆகிய ஊர்களிலிருந்து வந்தவர் என்றால் கதை வேறு. திரும்பிய மூன்று மாதத்துக்குள் அவருக்குக் காய்ச்சல் கண்டால், வேறு என்று உறுதியாகும் வரை அதை உயிருக்கே ஆபத்தான வகையான ஃபால்சிபேரம் மலேரியா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம்மூரில் இது ஏன் தவறிப்போகிறது? ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சலோடு ஒருவர் வந்து, தட்டணுக்களும் குறைந்திருந்தால் யாருக்கும் முதலில் டெங்கு ஞாபகம்தான் வரும். மலேரியாவிலும் தட்டணுக்கள் இறங்கும். டெங்கு என்று நினைத்து டிரிப் போட்டு இரண்டு நாள் பார்ப்பதற்குள் ஃபால்சிபேரம் மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடக்கூடும். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து ஓரளவு எதிர்ப்பு உண்டு. நம்மவருக்கு அது துளியும் கிடையாது.

‘மலேரியா வராமலிருக்க மாத்திரைதான் போட்டாரே’ என்று வீட்டில் கேட்பார்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினமும் ஒன்று, போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகும் நான்கு வாரம் போட வேண்டும். முகாமில் வரிசையில் நிற்கவைத்து விழுங்க வைத்துவிடலாம். லீவில் வந்தபின் கேட்க ஆள் இல்லை, அட்டை டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். போட்டதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடும் அல்சர் ஜெலோடும் சேர்த்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. சாப்பிட்ட பின் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருந்தால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. வாரம் ஒன்றாக மெஃப்ளோக்குவின் போடுபவர்களில் சிலர் கெட்ட கனவு, தலைசுற்றல் என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். சொன்னால் மாற்று மருந்து தருவார்கள், மறைப்பதுதான் ஆபத்து.

மாத்திரை மட்டுமே காப்பாற்றாது என்பதையும் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அனாபிலிஸ் கொசு கடிப்பது மாலை மங்கியதிலிருந்து விடியும்வரை, அதாவது இரவுக் காவல் நேரம். சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும். பூச்சிவிரட்டி வியர்வையில் கரைந்துவிடுவதால் ஒவ்வொரு முறை காவலுக்கு ஏறும்போதும் புதிதாகத் தடவ வேண்டும். மருந்து தோய்த்த வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகாவிட்டால் வலை கட்டியும் பயனில்லை.

காய்ச்சல் வந்த அன்றே, டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியவை மூன்று: எந்த நாடு, என்றைக்குக் கிளம்பினார், மாத்திரையை எப்போது நிறுத்தினார். ரத்தப் பூச்சு (ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது), ரேபிட் கார்டு (உடனே முடிவு காட்டும் அட்டைச் சோதனை) இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை நெகட்டிவ் வந்தால் வீட்டுக்குப் போய்விடக் கூடாது, 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் சில ஒட்டுண்ணி வகைகள், கார்டு தேடும் புரதத்தையே சுரப்பதில்லை, ஆகவே கார்டை மட்டும் நம்ப முடியாது. குணமான பின்னும் அதே கார்டு சில வாரம் பாசிட்டிவ் காட்டும் என்பது இன்னொரு குழப்பம்.

மருந்துக்கடையில் குளோரோகுயின் வாங்கிப் போடாதீர்கள், ஆப்பிரிக்க ஃபால்சிபேரத்துக்கு அது வேலை செய்யாது. தமிழகத்தில் வழக்கமாகத் தரும் ஆர்ட்டிசுனேட், சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் கூட்டும் இங்கே யோசிக்க வேண்டியது, கிழக்கு ஆப்பிரிக்காவில் அதன் இரண்டாம் பகுதியைத் தாங்கும் திறன் ஒட்டுண்ணிகளிடம் பரவியிருக்கிறது. ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபேன்ட்ரின் பொருத்தமானது: பெரியவருக்கு ஒரு வேளைக்கு 20/120 மாத்திரை நான்கு, மூன்று நாளில் ஆறு வேளை. முதல் வேளைக்கும் இரண்டாம் வேளைக்கும் எட்டு மணி நேர இடைவெளி. கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் நன்றாக ஏறும்.

உளறல், வலிப்பு, மஞ்சள் காமாலை, கறுத்த சிறுநீர், மூச்சிரைப்பு, விடாத வாந்தி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாது. நரம்பு வழி ஆர்ட்டிசுனேட் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அந்த இரவே போக வேண்டும். குப்பத்திலிருந்தோ பலமநேரிலிருந்தோ வருபவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மலேரியா இல்லை என்று உறுதியானால், ஆற்றிலோ ஏரியிலோ இறங்கினாரா என்று கேளுங்கள். நைல் நீரில் இறங்கியவருக்குச் சில வாரம் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும், பிறகு சிறுநீரில் ரத்தமும் வந்தால் சிஸ்டோசோமா புழுவைத் தேட வேண்டும். எபோலா பரவும் சமயத்தில் காங்கோவிலிருந்து வந்தவர் 21 நாளுக்குள் காய்ச்சல் கண்டால், மருத்துவமனைக்குள் நுழையுமுன் தொலைபேசியில் சொல்லிவிட்டு வருவது நல்லது.

சிகிச்சை தொடங்கியதும் யூனிட்டுக்குத் தகவல் கொடுங்கள். ஈ.சி.எச்.எஸ். என்ற ராணுவ மருத்துவத் திட்ட அட்டையைத் தேடி அலைய வேண்டாம், அது ஓய்வு பெற்றவர்களுக்கு. நரம்பு வழி ஆர்ட்டிசுனேட் ஏற்றியவர்களில் சிலருக்கு ஓரிரு வாரம் கழித்து ரத்த அணுக்கள் சிதைந்து ஹீமோகுளோபின் திடீரென்று இறங்கும். அதனால் நான்கு வாரம், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்குள் லீவு முடிந்து அவர் ரயிலேறியிருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் யூனிட் மருத்துவ அதிகாரியின் கைக்குப் போனால்தான் அந்தச் சோதனை நடக்கும்.