ஆசுவாசம் தருவது ஒன்று, நோயை அடக்குவது வேறொன்று

ஆடிக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மதுரையில் வைகையின் வறண்ட மணலும் சாலைப் புழுதியும் பார்த்தீனியச் செடியின் மகரந்தமும் கலந்தே பறக்கின்றன. மேலூர்ப் பக்கம் அவற்றோடு கல்குவாரித் தூசியும் சேர்ந்துகொள்கிறது. அந்த நாட்களில் மாசி வீதிகளின் மருந்துக் கடைகளில் வீசிங், மூக்கடைப்பு, அலர்ஜி, வறட்டு இருமல் என நான்கு தொல்லைகளையும் அடுக்கிச் சொல்லி, நான்குக்கும் சேர்த்து ஒரே மாத்திரையோ ஒரே டானிக்கோ கேட்பவர்களைப் பார்க்கலாம். நான்குக்கும் மூலமான ஒவ்வாமை ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் அவற்றுக்கான மருந்துகள் உடலில் வேலை செய்யும் இடங்களும் எடுத்துக்கொள்ளும் நேரமும் வேறு வேறு.

மூக்கின் உட்சவ்விலும் மூச்சுக் குழாய்களின் சுவரிலும் மாஸ்ட் செல்கள் என்னும் காவல் அணுக்கள் உள்ளன. ஒவ்வாமை உடையவரின் மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் ஒட்டியிருக்கும். மகரந்தத் துகளோ வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சியின் எச்சமோ அதில் வந்து சிக்கியதும், அந்த அணுக்கள் சில நிமிடங்களுக்குள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன்கள் என்னும் வேதிப்பொருள்களை வெளியே கொட்டுகின்றன. ஹிஸ்டமின் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் தும்மலும் அரிப்பும் வருகின்றன. இரத்த நுண்குழாய்கள் கசிவதால் மூக்கு ஒழுகுகிறது. நுரையீரலிலோ லூக்கோட்ரையீன்களின் கை ஓங்கி, மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் அங்கே திரண்டு அழற்சியை நிலைக்கச் செய்கின்றன.

செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் ஹிஸ்டமினை அழிப்பதுமில்லை, அது சுரப்பதைத் தடுப்பதுமில்லை. ஹிஸ்டமின் வந்து அமர வேண்டிய ஏற்பியில், பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போல, அவை முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகின்றன. அதனால்தான் தும்மல் பெருகிய பின் விழுங்குவதைவிட, தூசியில் இறங்குவதற்கு முன்பே விழுங்கினால் அவை நன்றாக வேலை செய்கின்றன. பழைய மருந்தான குளோர்ஃபெனிரமின் எளிதாக மூளைக்குள் நுழைந்து தூக்கத்தை வரவழைக்கும். புதிய வகை அலர்ஜி மருந்தான ஃபெக்ஸோஃபெனடினுக்கு மூளையில் அனுமதி இல்லையென்றே சொல்லலாம். ஆனால் ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகளோடு விழுங்கினால் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பதால் வெறும் தண்ணீரே நல்லது.

மூக்கடைப்பில் வழியை அடைப்பது பெரும்பாலும் சளியன்று. உள்ளே இரத்த நாளங்கள் புடைத்து, சவ்வு வீங்கியிருப்பதே காரணம். சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து அந்த நாளங்களைச் சுருக்குவதால் சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொள்கிறது. ஐந்தாறு நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வீரியம் தணியும்போதெல்லாம் நாளங்கள் முன்பைவிட அதிகமாகப் புடைத்து, மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். சளி மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரினின் கதையே வேறு. விழுங்கப்படும் மருந்தில் பெரும்பகுதியைக் குடல் சுவரும் கல்லீரலும் சிதைத்துவிடுகின்றன. மாத்திரையாக உட்கொண்டால் அது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வல்லுநர் குழு 2023-ஆம் ஆண்டு ஒருமனதாகச் சொன்னது.

ஆஸ்துமாவுக்கு வருவோம். இழுப்பு வந்த நேரத்தில் கை தேடுவது சால்புட்டமால் இன்ஹேலரைத்தான். மூச்சுக் குழாய்த் தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளை அது தூண்டுவதால் இறுகிய தசை சில நிமிடங்களில் தளர்கிறது. பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கிறது. இன்ஹேலருக்குப் பழகிவிடுவோம் என்று அஞ்சி மாத்திரையே போதும் என்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். கணக்கைப் பார்த்தால் அந்த அச்சம் தலைகீழானது: இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவரும் மருந்து 100 மைக்ரோகிராம், 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பதோ அதைப்போல் 40 மடங்கு. அவ்வளவும் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றுவதால் கை நடுக்கமும் படபடப்பும் மிகுதியாகின்றன. போதாக்குறைக்கு மாத்திரையின் பலன் தாமதமாகவே தெரியும்.

ஆனால் சால்புட்டமால் தளர்த்துவது தசையை மட்டுமே. உள்ளிருக்கும் வீக்கத்தையும் சளியையும் அது தொடுவதில்லை. அதைத் தணிப்பது புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். அந்த மருந்து உயிரணுவின் கருவுக்குள் சென்று, அழற்சிப் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்களின் வேலையை அடக்குகிறது. இதற்கு நாட்களும் வாரங்களும் பிடிக்கும். உறிஞ்சிய கையோடு எந்த ஆசுவாசமும் தெரியாது. உடனே பலன் காட்டாத மருந்தை யார்தான் நம்புவார்கள்? எனவே உண்மையில் நோயை அடக்கும் இன்ஹேலர் அலமாரியில் தூங்க, மற்றது மட்டும் மாதந்தோறும் வாங்கப்படுகிறது. இந்தப் பழக்கத்தின் ஆபத்தை உணர்ந்தே, 12 வயதைக் கடந்த ஆஸ்துமா நோயாளிகளுக்கு சால்புட்டமாலை மட்டும் தனியாகத் தர வேண்டாம் என்று ஜினா என்ற பன்னாட்டு வழிகாட்டுக் குழு 2019-இல் அறிவித்தது. விரைந்து தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் ஸ்டீராய்டும் ஒன்றாகக் கலந்த இன்ஹேலரையே அது முன்வைக்கிறது.

மருந்து சரியாக இருந்தும் கை பிசகுவதுண்டு. இன்ஹேலரில் அழுத்தும் வகையைக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். கேப்ஸ்யூலைச் செருகித் திருகி உடைக்கும் தூள் வகையையோ வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால்தான் தூள் நுரையீரலுக்குப் போய்ச் சேரும். ஸ்டீராய்டு எடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் பூஞ்சை படரக்கூடும்.

இருமல் டானிக்குகளில்தான் குழப்பம் அதிகம். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மூளைத்தண்டிலுள்ள இருமல் மையத்தை மந்தப்படுத்துகிறது. சளியோடு வரும் இருமலை இப்படி அடக்குவது சளியை உள்ளேயே தேக்கிவிடும். அம்ப்ராக்சால் சளியை இளக்கும். நத்தம், அழகர்மலைப் பக்கத்துப் பாட்டிமார் கஷாயம் வைக்கும் ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது புரோம்ஹெக்சின். அது உடலில் மாறும்போது கிடைப்பதே இந்த அம்ப்ராக்சால்.

சளியை இளக்கும் டானிக் பாட்டிலைத் திருப்பி, பின்புறச் சீட்டின் பொடி எழுத்துகளைப் படித்தால் டெர்புட்டலின் அல்லது லெவோசால்புட்டமால் என்ற பெயர் பெரும்பாலும் கண்ணில் படும். இவையும் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டும் மருந்துகளே. இரவிலும் விடியற்காலையிலும் மாதக்கணக்கில் இருமுகிற ஒருவருக்கு அந்த டானிக் சுகம் தருகிறதென்றால், அவருடைய இருமலே ஆஸ்துமாவாக இருக்கலாம். சுகம் கிடைக்கக் கிடைக்க நோய் பெயர் தெரியாமலேயே வளரும். இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லையென்று உறுதிசெய்துகொள்வது முதல் வேலை. அதன் பிறகு மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஒருமுறை ஊதச் செய்து, சால்புட்டமால் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் செய்வார்கள். பெரியவர்களுக்கு முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடியிருந்தால், மருத்துவர் டானிக்கை நிறுத்திவிட்டு ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை எழுதித் தருவார்.