கிளினிக் நடத்தும் டாக்டருக்கு வரவில் பாதிக்கு மட்டும் வரி: 44ஏடிஏ எப்படி வேலை செய்கிறது?

நோயாளி மேசையில் வைத்துவிட்டுப் போகும் கட்டணம், யுபிஐயில் வரும் பணம், விசிட்டிங் கன்சல்டன்டாகப் போகும் மருத்துவமனை பிடித்தம் போக அனுப்பும் தொகை எனத் தனியாக மருத்துவம் பார்ப்பவருக்கு வரவு பல வழிகளில் வருகிறது. செலவோ வாடகை, நர்ஸ் சம்பளம், பஞ்சு, ஊசி என்று இன்னும் சில்லறையாகப் போகிறது. அத்தனைக்கும் ரசீது சேர்த்து லாபக் கணக்கு எழுத முடியாதவர்களுக்காக, 2016-17 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் வந்ததுதான் 44ஏடிஏ பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதன் பிறகான ஆண்டுகளுக்குப் பிரிவு எண்கள் வேறு. இங்கே சொல்வது 2025-26 நிதியாண்டுக் கணக்கு.

ஆண்டின் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதி செலவு என்று துறையே ஏற்றுக்கொள்ளும். கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவையில்லை. இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் பார்ட்னர்ஷிப் நிறுவனமும் இதில் சேரலாம். எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் இடமில்லை. மருத்துவமனையில் ஊழியராகச் சம்பளம் வாங்குபவர் அந்தச் சம்பளத்துக்கு இதைப் பயன்படுத்த முடியாது.

வரவின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். ரொக்கமாக வந்தது மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை போகலாம். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 60 லட்சம் பார்ப்பவர் ரொக்கமாக வாங்கக்கூடியது 3 லட்சம், அதாவது மாதத்துக்கு 25,000 ரூபாய். கூட்டம் உள்ள கிளினிக்கில் இது சில நாட்களில் தாண்டிவிடும். அக்கவுன்ட் பேயீ கோடு போடாத காசோலையும் ரொக்கமாகவே கணக்கிடப்படும். 50 லட்சத்தை நெருங்குபவர்கள் மேசையில் கியூஆர் அட்டை வைப்பதை இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

பலர் சறுக்குவது ‘மொத்த வரவு’ எது என்பதில்தான். ஒரு மருத்துவமனை ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் தந்தால் 194ஜே பிரிவின்படி 10 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக (பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கும். வங்கியில் 90,000 வந்திருந்தாலும் வரவு ஒரு லட்சம்தான். மார்ச் மாதக் கட்டணம் இன்னும் வம்பானது. மருத்துவமனை அதை மார்ச் 31 அன்று கணக்கில் ஏற்றி டிடிஎஸ் கட்டிவிடும். பணம் ஏப்ரலில்தான் கைக்கு வரும். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கும் தொகை வங்கிக் கணக்கில் இருக்காது. ரிட்டர்னில் குறைத்துக் காட்டினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம். ஆகவே பாஸ்புக்கோடு 26ஏஎஸ்ஸையும் எடுத்துவைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிடுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு டாக்டரின் ஆண்டு வரவு 40 லட்சம். அதில் 24 லட்சம் மருத்துவமனை வழியாக வந்து, 2.4 லட்சம் டிடிஎஸ் பிடிக்கப்பட்டிருக்கிறது. வருமானம் 20 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் 2 லட்சம் வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 2,08,000 ரூபாய். 32,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். சொந்தக் கிளினிக்கில் மட்டும் பார்ப்பவருக்கு டிடிஎஸ் இருக்காது என்பதால் வரியை அவரே கட்ட வேண்டும். மற்றவர்கள் நான்கு தவணையில் கட்டும் முன்கூட்டிய வரியை 44ஏடிஏவில் இருப்பவர் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

எல்லோருக்கும் இது லாபமில்லை. ஸ்கேன் இயந்திரமும் பத்து ஊழியர்களும் வைத்திருப்பவருக்கு உண்மைச் செலவே பாதிக்கு மேல் போகும். இயந்திரத்தின் தேய்மானமும் அந்தப் பாதிக்குள் அடக்கம், தனியாகக் கேட்க முடியாது. வருமானத்தை வரவில் பாதிக்குக் குறைவாகக் காட்டலாம். ஆனால் மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் புத்தகமும் தணிக்கையும் வந்துவிடும். வணிகர்களுக்கான 44ஏடியில் விலகினால் ஐந்து ஆண்டுகள் திரும்ப முடியாது. 44ஏடிஏவில் அந்தக் கட்டு இல்லை. ஆண்டுக்கு ஆண்டு முடிவெடுக்கலாம்.

ரொக்கத்தில் இன்னொரு வரம்பும் உண்டு. ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே சிகிச்சைக்காக, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2.4 லட்சம் ரூபாய் அறுவைச் சிகிச்சை பில்லை மூன்று நாட்களாகப் பிரித்து வாங்கினாலும் மீறல்தான். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை நோய்க்கான சிகிச்சைக்கு விலக்கு இருப்பதால் ஆலோசனைக் கட்டண ரசீதில் அந்த வரி வராது. அழகுக்காகச் செய்யும் முடி நடுதல் போன்றவற்றுக்கு விலக்கு இல்லை. கிளினிக்கோடு மருந்துக் கடையும் இருந்தால் அது வியாபாரம். அதன் விற்பனையை 44ஏடிஏ கணக்கில் கலக்காமல், தனி பில் புத்தகம் போட்டுவிடுங்கள்.