மகேந்திரகிரியில் அப்ரண்டிஸ் பயிற்சி: குமரி மாவட்டப் பிள்ளைகள் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டியவை

ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டிக் காவல்கிணறு போனால் மகேந்திரகிரி அடிவாரம். அங்குள்ள இஸ்ரோ உந்தும வளாகம் நெல்லை மாவட்டத்துக்குள் இருந்தாலும், நாகர்கோவில் கோணத்தில் ஐடிஐ, பாலிடெக்னிக் முடிக்கும் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரம்தான்.

ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் இடம் விஞ்ஞானிகளால் மட்டும் ஓடுவதில்லை. எரிபொருளான திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் இருக்கும். குழாயில் காற்று மிச்சமிருந்தால் அது உறைந்து வால்வை அடைத்துவிடும். நைட்ரஜனும் மைனஸ் 210-லேயே உறைந்துவிடுவதால், ஹீலியம் செலுத்தித்தான் குழாயைச் சுத்தப்படுத்த வேண்டும். ஆக்சிஜன் குழாயிலோ எண்ணெய்ப் பசை துளியும் கூடாது, தீப்பிடிக்கும். இந்த ஒழுங்கைக் கையால் காப்பவர்கள் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன்கள். அப்படிப்பட்ட கை பழகுவதற்குத்தான் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம் வழி செய்கிறது.

பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் நாட்ஸ் (NATS, தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) தளத்திலும், ஐடிஐ முடித்தவர்கள் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்திலும் பதிய வேண்டும். பதிவு இலவசம், இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 2019 திருத்தத்தின்படி மாத உதவித்தொகை குறைந்தபட்சம் பட்டதாரிக்கு 9,000, டிப்ளமோவுக்கு 8,000, ஐடிஐக்கு 7,000 ரூபாய். இப்போதைய தொகையை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். ஏற்கெனவே ஓராண்டு வேலை பார்த்தவர்களையும் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்களையும் பொதுவாக எடுக்கமாட்டார்கள்.

பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும். அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். அடுத்தது வங்கிக் கணக்கு. ஆதார் நகலைக் கொடுத்ததுமே இணைந்துவிட்டது என்று நினைப்பார்கள். அது கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு மட்டும். உதவித்தொகையில் அரசு தரும் பங்கு கணக்கில் விழ, ஆதார் எண்ணை அந்தக் கணக்கோடு சேர்க்கும் என்பிசிஐ (தேசியப் பணப்பரிமாற்றக் கழகம்) இணைப்பு தனியாக வேண்டும். "ஆதார் சீடிங் ஆகியிருக்கா?" என்று வங்கியிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

சாதிச் சான்றில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி என்பதால், சில சமூகங்கள் "கன்னியாகுமரி மாவட்டம்" என்ற வரம்போடுதான் பட்டியலில் உள்ளன. மாநில பிசி (பிற்படுத்தப்பட்டோர்) சான்று மத்திய நிறுவனத்தில் செல்லாது. மத்திய ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட சான்று வேண்டும். சமூகத்தின் பெயர் மத்தியப் பட்டியலில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயிற்சியின்போது விபத்தில் காயம்பட்டால் இழப்பீடு பெறச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு உரிமை தருகிறது. சிறிய காயமானாலும் அன்றே எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

பயிற்சி முடித்தால் வேலை கிடைத்துவிடும் என்று பெற்றோர் நம்பிவிட வேண்டாம். பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பதற்கான கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. ஐடிஐ முடித்தவர்களுக்கான இஸ்ரோவின் டெக்னீஷியன்-பி பணிக்குத் தனி அறிவிப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் திறன் தேர்வு எல்லாம் உண்டு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். பயிற்சி முடித்து தேர்ச்சி பெற்ற ஐடிஐ மாணவருக்குக் கிடைக்கும் என்ஏசி (தேசிய அப்ரண்டிஸ்ஷிப்) சான்று அந்தப் பணிக்கான கல்வித் தகுதியில் ஏற்கப்படுவது. மூலச் சான்றை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள்.