நேரோ பாடி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆப்பிரிக்க விமான நிறுவனங்களைப் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி கண்ணில் படும் ஆங்கிலச் சொல் 'நேரோ பாடி' (narrow body). ராயல் ஏர் மராக்கின் போயிங் 737, ஈஜிப்ட் ஏரின் ஏர்பஸ் ஏ320, ஏர் தான்சானியாவின் ஏ220 எல்லாம் இந்த வகைதான். உள்ளே ஏறினால் நடுவில் ஒரே ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் இருக்கைகள். வரிசைக்கு அதிகபட்சம் ஆறு பேர். உடற்பகுதியின் அகலம் ஏறக்குறைய நான்கு மீட்டர்தான். நடைவழி இரண்டாக இருந்தால் அது 'வைட் பாடி'.

வேடிக்கை என்னவென்றால், இந்த விமானங்கள் வந்த காலத்தில் இவற்றை யாரும் ஒல்லி என்று நினைக்கவில்லை. 1958-ல் அமெரிக்காவின் பான் ஆம் விமான நிறுவனம் போயிங் 707-ஐப் பறக்கவிட்டபோது பார்த்தவர்களுக்கு அது ராட்சத விமானம். 1970 ஜனவரியில் அதே பான் ஆம் போயிங் 747-ஐச் சேவையில் இறக்கியது. ஆறரை மீட்டர் அகலம், இரண்டு நடைவழி. அதை 'அகலமான உடல்' என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பழைய விமானங்களுக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. செல்போன் வந்த பிறகு வீட்டு போன் 'லேண்ட்லைன்' ஆன கதைதான்.

நேரோ பாடி விமானங்களின் அகலத்துக்குப் பின்னால் ஒரு போட்டி இருக்கிறது. போயிங்கின் போட்டியாளரான டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-8 உடற்பகுதி 147 அங்குலம். போயிங் முதலில் அதைவிடக் குறைவாகத் திட்டமிட்டிருந்தது. விமான நிறுவனங்கள் வரிசைக்கு ஆறு இருக்கை வேண்டும் என்று நெருக்கியதும் 707-ஐ 148 அங்குலமாக்கியது. ஒரே ஒரு அங்குலம் கூடுதல்! 727, 737, 757 எல்லாவற்றுக்கும் அதே அகலம் தொடர்ந்தது. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 1962-ல் வாங்கிய முதல் ஜெட் போயிங் 720பி, 707-ன் தம்பி. அந்த நிறுவனம் இன்று ஓட்டும் 737 மேக்ஸின் குறுக்களவும் அதுவே. இன்றைக்கும் அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபி போகிறவரின் தோள் பக்கத்து இருக்கைக்காரர்மேல் இடித்தால், பழி 1950-களின் அந்த அங்குலக் கணக்கைத்தான் சேரும். ஏர்பஸ் ஏ320 ஏழு அங்குலம் கூடுதல் அகலத்தோடு வந்தது. அதை இன்றுவரை சொல்லிக்காட்டியே விற்கிறார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். 'குறுகிய உடல் விமானம்' என்று அப்படியே மொழிபெயர்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது இரண்டு காரணத்தால் ஒட்டவில்லை. முதலாவது, 'உடல்' என்றதும் நமக்கு ஆள் நினைவுக்கு வருகிறார், விமானம் நோஞ்சானாகிவிடுகிறது. இரண்டாவதுதான் பெரிய சிக்கல். 'குறுகிய' என்றால் அகலம் குறைந்தது என்று பொருள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. குறுகிய சந்து என்கிறோமே. ஆனால் குறுகிய காலம், குறுகிய தூரம் என்று நாள் முழுக்கப் படித்துப் பழகிய கண், 'குறுகிய விமானம்' என்றால் நீளம் குறைந்தது என்றே எடுத்துக்கொள்ளும். உண்மை அப்படியில்லை. எத்தியோப்பியன் நெடுங்காலம் ஓட்டிய போயிங் 757-200 நேரோ பாடி, நீளம் 47.3 மீட்டர். பக்கத்து நாட்டின் கென்யா ஏர்வேஸ் 1986-ல் இறக்கிய ஏர்பஸ் ஏ310 வைட் பாடி; நீளம் 46.7 மீட்டர்தான். நீளமானது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஒடுங்கிய உடற்பகுதி வானூர்தி' என்றால் பொருள் சரி. ஆனால் வாயில் நுழைய வேண்டுமே! அதனால் உள்ளே ஏறினதும் கண்ணில் படுவதை வைத்துப் பெயர் சொல்வது நல்லது: ஒற்றை நடைவழி விமானம். எதிர்ப்பதம் இரட்டை நடைவழி விமானம். ஏர்பஸ்காரர்களே ஏ320 குடும்பத்தை அலுவல்முறையில் 'ஒற்றை நடைவழி' (single aisle) என்றுதான் அழைக்கிறார்கள். 'ஒருவழி விமானம்' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், திரும்பி வராதது என்று ஆகிவிடும்.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. ஏடிஆர், டேஷ்-8 மாதிரி காற்றாடி சுழலும் சிறிய விமானங்களிலும் நடைவழி ஒன்றுதான். ஆனால் அவற்றை யாரும் நேரோ பாடி என்பதில்லை. டர்போபிராப் என்று தனியாக நிறுத்திவிடுவார்கள். ஆகவே துல்லியம் வேண்டுமென்றால் 'ஒற்றை நடைவழி ஜெட்' என்று எழுதலாம். ஜெட்டுக்குத் 'தாரை' என்ற கலைச்சொல் இருக்கிறது. 'தாரை விமானம்' என்று படித்தால் யாருக்கோ தாரை வார்த்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஜெட் ஜெட்டாகவே இருக்கட்டும்.

கூடவே வரும் 'ஃப்ளீட்' (fleet) பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நிறுவனத்திடம் இருக்கும் விமானங்களை மொத்தமாகச் சொல்லும் சொல் அது. கப்பல்காரர்களிடமிருந்து வந்தது, அதனால் 'படை' என்று கை தானாக எழுதப் பார்க்கும். 'தான்சானியா நிறுவனத்தின் விமானப்படை' என்று எழுதினால் குண்டு போடப் போகிறார்கள் என்று வாசகர் பயந்துவிடுவார். 'விமானத் தொகுதி' பரவாயில்லை. பெரும்பாலும் அந்தச் சொல்லே தேவைப்படாது, பன்மை விகுதி போதும். ஒருவர் ஆப்பிரிக்காவை வைத்துக் கற்பனையாக ஒரு விமான நிறுவனம் உருவாக்கி, அதன் நேரோ பாடி ஃப்ளீட்டில் பன்னிரண்டு 737 இருப்பதாக எழுத நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் இப்படி முடிந்துவிடும்: "அந்த நிறுவனத்திடம் பன்னிரண்டு ஒற்றை நடைவழி ஜெட்கள் உள்ளன, எல்லாம் போயிங் 737."